கால் படாத டிரம்

1

போன திங்கட்கிழமை காலை என் மகள் கஸ்தூரி ஜொகூர் பாருவுக்குப் பஸ் ஏறினாள். அங்கே ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்திருக்கிறது. சிரம்பான் பஸ் நிலையத்தில் என் மனைவி செல்வி அழுதாள். நான் பையைத் தூக்கிக் கொடுத்துவிட்டு, டிக்கெட் விற்கும் ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். அதற்கு முந்தின சனிக்கிழமைதான் ரெம்பாவ் பக்கத்து ஊர் மண்டபம் ஒன்றில் எங்கள் இசைக்குழுவின் இருபதாம் ஆண்டு நிகழ்ச்சி நடந்தது. இரண்டும் ஒரே வாரத்தில் வந்தது தற்செயல்தான். ஆனால் எழுத உட்கார்ந்தால் ஒன்றை விட்டு ஒன்றைச் சொல்ல முடியவில்லை.

தமிழ்நாட்டில் எங்கள் ஊர்க்காரர்களுக்கு, மலேசியாவில் நெகிரி செம்பிலானில் கோலா சாவா பக்கத்துத் தோட்டத்துக்குச் எண்ணெய்ச் செம்பனைக் குலை வெட்டப் போனவன் என்றுதான் என்னைத் தெரியும். அது சரிதான். இத்தனை வருடமும் அதுதான் சோறு போட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமைகளில் நான் ஒரு பங்க் ராக் குழுவுக்கு டிரம் வாசிக்கிறவன். குழுவின் பெயர் லோரி ரோசாக். பழுதாகி நின்ற லாரி என்று பொருள். இதைப் படிக்கிறவர்களில் யாராவது சிரித்தால் எனக்கு வருத்தமில்லை. செல்வி இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

2

குழுவின் பாடகன் அஸ்மான். ரெம்பாவ்காரன், மலாய்க்காரன். எங்கள் தோட்டத்துக் குலைகளை எண்ணெய் ஆலைக்கு ஏற்றிப் போகும் லோரியை ஓட்டுகிறான். அவன் அப்பாவும் அதே லோரிக்காரர். தொழிலாளர் லயத்துப் பிள்ளைகளோடு கோலி விளையாடி வளர்ந்ததால் அஸ்மான் தமிழ் நன்றாகப் பேசுவான். ஆனால் அவன் தமிழில் ‘நீங்கள்’ கிடையாது. வேலை வாங்கும் மண்டோரும் ‘நீ’, கோயில் பூசாரியும் ‘நீ’. யாரும் கோபித்துக்கொள்வதில்லை.

ஒருநாள் லோரிக்காகக் காத்திருந்தபோது, குலை தள்ளும் ஒற்றைச் சக்கர வண்டியைக் கவிழ்த்துப் போட்டு அதன் தகரத்தில் தட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் யாரும் இல்லை என்று நினைத்துத்தான் தட்டினேன். வலது கையில் ஒரு தடித்த குச்சி, இடது கையில் சீவிய மெல்லிய மட்டை. இறக்கத்தில் இன்ஜினை அணைத்துவிட்டு வந்திருக்கிறான் அஸ்மான். வந்தவன் கதவைத் திறக்காமல் உள்ளேயே உட்கார்ந்து கேட்டிருக்கிறான்.

“அண்ணே, இது யாரு சொல்லிக் குடுத்தா?”

“சும்மா.”

“சும்மாவா இந்த ஸ்பீடு வருது? இப்பத்தான் குழு ஆரம்பிச்சோம், டிரம்காரன் ஆர்மிக்குப் போயிட்டான். ஞாயித்துக்கெழம நீ வா.”

“எனக்கு டிரம் தெரியாது.”

“அது நல்லது லா. நல்லா வாசிக்கத் தெரிஞ்சவன நாங்க உள்ளயே விடமாட்டோம்.”

எனக்குச் சொல்லிக் கொடுத்தது என் அப்பா. புதுக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் சாவு விழுந்தால் எங்கள் தெருவுக்கு ஆள் வரும். தெருவுக்குள் வர மாட்டான். முனையில் நின்று அப்பாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவான், அப்பாவை விட வயதில் எவ்வளவு சின்னவனாக இருந்தாலும். அப்பா பறையைத் தீயில் காய்ச்சி எடுத்துக்கொண்டு போவார். சாவு வீட்டுக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். வெயிலோ மழையோ, வெளியேதான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றபின் நானும் கூடப் போனேன். நான் மலேசியாவுக்குக் கிளம்பும்போது அப்பா சொன்னது ஒன்றுதான். “போ. அங்க போயாவது எவன் கூப்பிட்டதுக்கும் ஓடாத.”

அதனால் தோட்டத்துக் கோயில் திருவிழாவில் உறுமி அடிக்க ஆள் குறைந்தபோதுகூட நான் வாயைத் திறக்கவில்லை. ஒருமுறை அடித்துக் காட்டினால், எந்த ஊர், எந்தத் தெரு, யார் மகன் என்று கேள்வி வரும். அஸ்மான் அதைக் கேட்கவில்லை. அப்படி ஒரு கேள்வி உலகத்தில் இருப்பதே அவனுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை போனேன்.

3

அஸ்மான் வீட்டுக்குப் பின்னால் பலகை அடித்த ஒரு கொட்டகை இருந்தது. அங்கே எனக்காக டிரம்கள் தயாராக இருந்தன. கிதார் தோளில் மாட்டியபடி ஹோக் நின்றார். அவர் கோலா பிலாவில் மோட்டார் பட்டறை வைத்திருக்கும் சீனர். அதிகம் பேச மாட்டார். அது எனக்குப் பிடித்திருந்தது.

உட்கார்ந்தேன். முன்னால் ஒரு பெரிய டிரம் தரையில் நிமிர்ந்து நின்றது. என் காலடியில், மிதித்தால் அந்த டிரம்மில் மோதும் ஓர் இரும்பு மிதிப்பான்.

“மிதி அண்ணே,” என்றான் அஸ்மான். “அதுதான் நம்ம இன்ஜின்.”

எனக்கு உடம்பு கூசிவிட்டது. எங்கள் வீட்டில் பறை சுவரில் தொங்கும். தவறிப்போய் யார் கால் பட்டாலும் உடனே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும். அம்மா குடத்தோடு போகும்போது சேலை நுனி பட்டால்கூட நின்று தொட்டுவிட்டுத்தான் போவாள். ஊரே எங்களை வெளியே நிறுத்தியது. நாங்கள் அந்தத் தோலைக் கண்ணில் வைத்திருந்தோம். கடல் தாண்டி வரும்போது நிறைய விட்டுவிட்டு வந்தேன். இது மட்டும் என்னோடு வந்துவிட்டது.

அஸ்மானிடம் இதையெல்லாம் சொல்லத் தெரியவில்லை. “காலு படக்கூடாது,” என்றேன்.

“காலு எங்க படுது? இரும்புதான் படுது.”

“இரும்ப மிதிக்கிறது யாரு?”

“பந்தாங்கா?” என்றான். செய்யக்கூடாது என்று விலக்கியதை மலாயில் அப்படிச் சொல்வார்கள். ஆமாம் என்றேன். பந்தாங் என்றால் இந்த நாட்டில் யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஹோக் வெளியே போய் ஒரு பழைய லோரி டயரை உருட்டிக்கொண்டு வந்தார். பெரிய டிரம்மை முகம் மேலே பார்க்க அதன்மேல் படுக்கவைத்தார். நான் எழுந்து நின்று அதைக் கையால் அடித்தேன்.

அன்றிலிருந்து இருபது வருடம் அப்படித்தான். கால் செய்ய வேண்டியதையும் கையே செய்ததால் பக்கத்தில் நிற்கும் பித்தளைத் தகடுகளுக்குக் கை மிஞ்சவில்லை. மற்றக் குழுக்களில் தகடு கத்திக்கொண்டே இருக்கும். எங்களிடம் டிரம் சத்தம் மட்டும். கேட்கிறவர்கள் இதை ஒரு புதுப் பாணி என்றார்கள். கூச்சத்தில் கூட்டத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசித்தேன். அதையும் கோபம் என்று எடுத்துக்கொண்டார்கள். கூந்தலை முள்முள்ளாக நிறுத்திய பையன்கள் நிகழ்ச்சி முடிந்ததும் வந்து, அண்ணன் என்று மலாயில் அழைத்து, “அபாங், உங்கள் கோபம் ரொம்ப உண்மையானது,” என்று கையைப் பிடித்துக்கொள்வார்கள். நான் தலையாட்டிவிட்டு ஒயர்களைச் சுருட்டப் போய்விடுவேன்.

எங்கள் பாட்டுகள் இரண்டு நிமிடம்கூட வராது. குழாயில் தண்ணீர் வராதது பற்றி ஒன்று. தோட்டத்துக்குள் வராமல் வெளிச்சாலையிலேயே திரும்பிவிடும் பஸ் பற்றி ஒன்று. ஆலையின் புகை பற்றி மூன்று. எல்லாவற்றையும் அஸ்மான் தொண்டை கிழியக் கத்துவான். பிறகு லோரியில் தேன் கலந்த வெந்நீர் குடித்துக்கொண்டே வீட்டுக்குப் போவோம்.

4

வெளிநாட்டு வாழ்க்கை என்றால் வரிசையில் நிற்பது. செல்வி இந்த மண்ணில் பிறந்தவள். அவள் கணவன் என்ற உரிமையில்தான் நான் இங்கே இருக்கிறேன். விசா புதுப்பிக்கும்போதெல்லாம் இரண்டு பேரும் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போய் நிற்க வேண்டும். ஒருமுறை அங்கே ஓர் அதிகாரி அம்மா என்னிடம் என்னவோ கேட்டார். வழக்கம்போல எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. செல்வி முந்திக்கொண்டு மலாயில், “இவர் பேச மாட்டார், இவருக்கு அடிக்க மட்டும்தான் தெரியும்,” என்றாள்.

அதிகாரி பேனாவைக் கீழே வைத்துவிட்டார். செல்வியைத் தனியாக உள்ளே வரச் சொன்னார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் செல்வி இரண்டு கைகளையும் காற்றில் ஆட்டி டிரம் வாசித்துக் காட்டுவது தெரிந்தது. பிறகு இரண்டு பேரும் சிரிப்பதும் தெரிந்தது. வெளியே வந்த அதிகாரி என்னை நன்றாகப் பார்த்துவிட்டு, “லோரி ரோசாக்?” என்றார். பள்ளிக்காலத்தில் எங்கள் நிகழ்ச்சிக்கு வந்தவராம். முதுகைப் பார்த்திருந்தால் உடனே அடையாளம் தெரிந்திருக்கும் என்றார்.

இன்னொரு முறை குழுவை இந்தோனேசியாவுக்குக் கூப்பிட்டார்கள். அந்தச் சமயம் என் பாஸ்போர்ட் புதுப்பிக்கப் போய் இன்னும் கைக்கு வரவில்லை. வேறு ஒருவனை வைத்துக்கொண்டு போகச் சொல்லிவிட்டேன். திரும்பி வந்த அஸ்மானிடம், எப்படி வாசித்தான் என்று கேட்டேன்.

“நல்லாதான் அடிச்சான். காலாலதான் அடிச்சான். எனக்குப் பாடவே வரல.”

5

கஸ்தூரி கைக்குழந்தையாக இருந்தபோது அந்தக் கொட்டகையில் துணி விரித்த கிதார் பெட்டிக்குள் தூங்குவாள். நாங்கள் நிறுத்தினால்தான் விழித்து அழுவாள். பள்ளிக்குப் போனபின் என் மலாயைத் திருத்த ஆரம்பித்தாள். பிறகு நான் தமிழில் கேட்டால் மலாயில் பதில் வந்தது. பிறகு பதில் ‘ம்’ என்று மட்டும் வந்தது. போர்ட் டிக்சனில் படித்தபோது அவள் சிநேகிதிகள் யாரோ எங்கள் வீடியோவைப் பார்த்திருக்கிறார்கள். அந்த வாரம் வீட்டுக்கு வந்தவள் போனிலிருந்து தலையைத் தூக்காமல், “அப்பா, நீங்க ஃபேமஸ்,” என்றாள். அதில் பெருமை இருந்ததா, அவமானம் இருந்ததா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் தைரியமில்லை.

செல்வி சொல்வாள். “ரெண்டு பேரும் ஒரே ரகம் லா. வாயத் தொறந்தா முத்து கொட்டிரும்.”

6

இந்த வருடம் என் இடது முழங்கால் போய்விட்டது. மேட்டிலும் பள்ளத்திலும் குலை சுமந்த கால். தோட்டத்தில் நாற்று மேடைக்கு மாற்றிவிட்டார்கள். அங்கே உட்கார்ந்து வேலை செய்யலாம். டிரம்மைத்தான் நின்றுகொண்டு அடிக்க முடியவில்லை. இரண்டு பாட்டுக்கு மேல் கால் நடுங்கியது. உட்கார்ந்தால், படுக்கவைத்த பெரிய டிரம்முக்குக் கை எட்டாது. அதை நிமிர்த்தி வைத்தால் மிதித்துத்தான் ஆக வேண்டும். நிகழ்ச்சிக்கு மூன்று வாரம் இருந்தது.

“வேற ஆளப் போடு,” என்றேன் அஸ்மானிடம்.

“போட மாட்டேன். நீ இல்லன்னா இதோட நிறுத்திக்கலாம். எனக்கும் தொண்ட போயிடுச்சு.” அவன் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது. பேச வராத ஒருவனுக்கு உலகத்தில் சத்தம் போட ஒரே ஓர் இடம் இருந்தது. என் காலால் அது மூடப்போகிறது. எனக்கு மட்டுமில்லை, மூன்று பேருக்கும்.

முயற்சி செய்தேன். டிரம்மை நிமிர்த்தினோம். வலது காலை மிதிப்பானில் வைத்தேன். அழுத்தினேன். தம் என்று சத்தம் வந்ததும் என் கை தானாகக் குச்சியைக் கீழே போட்டுவிட்டு டிரம்மைத் தொட்டுக் கண்ணுக்குப் போனது. மறுபடி அழுத்தினேன். மறுபடி கை போனது.

அஸ்மான் வாசலில் நின்று பார்த்தான். “அண்ணே, ஒவ்வொரு மிதிக்கும் கும்பிட்டா ஒரு பாட்டு முடியத் தீபாவளி வந்துடும்.”

அன்று சாயங்காலம் அப்பாவுக்குப் போன் செய்தேன். ஞாயிற்றுக்கிழமை நண்பர்களோடு ஏதோ கொட்டடிக்கிறேன் என்பது மட்டும் அவருக்குத் தெரியும். விஷயத்தைச் சொன்னேன்.

“செத்தது யாரு?” என்றார்.

“யாரும் சாகலப்பா.”

“அப்புறம் எதுக்கு அடிக்கிற?”

அவரே தொடர்ந்தார். “மாட்டுத் தோலா, ஆட்டுத் தோலா?”

“பிளாஸ்டிக்.”

“பிளாஸ்டிக்கா?” கொஞ்ச நேரம் இருமலா சிரிப்பா என்று தெரியாத ஒரு சத்தம். “அப்ப அது வாளிதான்டா. நல்லா மிதி.”

அப்பாவே சொல்லியாகிவிட்டது. மறுநாள் போய் மறுபடி முயன்றேன், கை மறுபடியும் கண்ணுக்கே போனது. சட்டம் அவரிடம் இல்லை, என் காலிலேயே இருந்தது என்று அப்போதுதான் புரிந்தது.

7

செல்வி கொடுத்தனுப்பிய மீ கோரேங் நூடுல்ஸ் பொட்டலங்களோடு கஸ்தூரி மோட்டார் சைக்கிளில் கொட்டகைக்கு வந்தாள். ஜொகூர் வேலை உறுதியாகிவிட்டிருந்த வாரம். நான் மிதிப்பதையும் குனிவதையும் வாசலில் நின்று பார்த்திருக்கிறாள்.

“நகருங்கப்பா.”

“எதுக்கு?”

“நீங்க கையால அடிங்க. கால நான் பாத்துக்கறேன்.” பள்ளிக்கூட அணிவகுப்பில் பெரிய டிரம்மை நெஞ்சில் மாட்டிக்கொண்டு நடந்தவள். தாளம் தப்பாது. அது எனக்குத் தெரியும்.

“நீ கால் வைக்காத.”

“ஏன்? பந்தாங் உங்களுக்குத்தான். எனக்கு ஒண்ணும் இல்ல.”

“உனக்கும்தான்.”

“யாரு சொன்னா? எனக்கு யாருமே ஒண்ணும் சொல்லலயே.”

உண்மைதான். நான் சொன்னதே இல்லை. அஸ்மானும் ஹோக்கும் பொட்டலங்களை எடுத்துக்கொண்டு மெதுவாக வெளியே போனார்கள். நான் சொன்னேன். தெருமுனையில் நின்று கூப்பிடும் ஆள். தீயில் காயும் தோல். வெளியே நிற்பது. நின்றபடியே வாங்கிக் குடிக்கும் தண்ணீர். தாத்தா ஒருநாள் மழையில் நடுங்கிக்கொண்டே அடித்தது. கால் பட்டால் கண்ணில் ஒற்றுவது. என் வாழ்க்கையில் ஒரே மூச்சில் அவ்வளவு பேசியது அன்றுதான். அவள் போனைக் கையில் எடுக்கவில்லை.

“தாத்தாவ வெளிய நிக்க வெச்சவங்க, அவங்க கால் பட்டா அதத் தொட்டுக் கும்புடுவாங்களா?”

“அவங்க அதத் தொடவே மாட்டாங்க.”

“அப்ப அந்த மரியாதையெல்லாம் நம்மதான் குடுத்துக்கிட்டோமா?”

“ஆமா.”

அவள் குனிந்து காலில் இருந்த சப்பாத்தைக் கழற்றினாள். காலுறையையும் கழற்றி அதற்குள் திணித்தாள். “நான் மெதுவால்லாம் மிதிக்க மாட்டேன்ப்பா. மிதிச்சா நல்லாதான் மிதிப்பேன். பரவால்லயா?”

நான் நகர்ந்து இடம் விட்டேன். ஹோக் உள்ளே வந்து ஒரு நீள பெஞ்சைக் கொண்டுவந்து போட்டார்.

கஸ்தூரி இடதுகால்காரி, பந்து உதைப்பதுகூட அந்தக் காலால்தான். அதனால் அவள் எனக்கு வலப்பக்கம் உட்கார்ந்தாள். மிதிப்பான் எங்கள் இருவருக்கும் நடுவில். முதல் பாட்டில் தோள்கள் முட்டிக்கொண்டன. இரண்டாவதில் என் குச்சி அவள் கன்னத்தைத் தொட்டுவிட்டு வந்தது. அவள் மிதிக்கும் ஒவ்வொரு முறையும் என் கை கண்ணுக்குப் போகப் பார்த்தது. இரண்டு கையிலும் வேலை இருந்ததால் போகவில்லை.

“அப்பா, வேகம் கூட்டுறீங்க.”

“நீதான் கூட்டுற.”

“ரெண்டு பேரும்தான் கூட்டுறது,” என்றான் அஸ்மான். “நான் மனுசன், எனக்கு மூச்சு வேணும்.”

8

சனிக்கிழமை மண்டபம் நிறைந்திருந்தது. பழைய முகங்களுக்கு வயிறு வந்திருந்தது. சிலர் பிள்ளைகளைக் காதடைப்பான் மாட்டித் தோளில் தூக்கி வந்திருந்தார்கள். செல்வி சுவரோரம் கைப்பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். ஒரே டிரம்முக்கு அப்பாவும் மகளும் உட்கார்ந்ததைப் பார்த்ததும் கூட்டத்தில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. முதல் பாட்டு தொடங்கியபின் யாரும் சிரிக்கவில்லை.

நன்றாக வந்தது. நின்று வாசித்த காலத்தில் என் கைகள் பெரிய டிரம்முக்கும் சிறியதற்கும் ஓடிக்கொண்டே இருக்கும். இப்போது கை ஓட வேண்டியதில்லை. அடியில் ஒரு கால் எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்தது. அது என் காலில்லை என்பதைச் சில நேரம் மறந்தேன்.

கடைசிக்கு முந்தின பாட்டு, தண்ணீர்க்குழாய்ப் பாட்டு. பாதியில் கஸ்தூரி தோளால் என்னை இடித்தாள்.

“அப்பா, கால் புடிச்சிக்கிச்சு.”

பார்த்தேன். அவள் பாதம் மிதிப்பானின் மேலேயே விறைத்து நின்றது. விரல்கள் மடங்கியிருந்தன. பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தப் பார்த்தாள். முடியவில்லை. அஸ்மானுக்கு எதுவும் தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கத்திக்கொண்டிருந்தான்.

என்ன நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ஒன்றும் நினைத்திருக்க மாட்டேன். என் வலது கால் அவள் கால்மேல் இருந்தது. வெறுங்கால்மேல் வெறுங்கால். அவள் பாதத்தோடு சேர்த்து அழுத்தினேன். தம் என்றது. மறுபடி அழுத்தினேன். பாட்டு முடியும்வரை அழுத்திக்கொண்டே இருந்தேன்.

முடிந்ததும் கூட்டம் கூச்சலிட்டது. குச்சிகளை மடியில் போட்டுவிட்டுக் குனிந்தேன். மிதித்தது டிரம்மை. மிதித்தது பிள்ளையை. இரண்டில் எதை முதலில் தொட்டுக் கண்ணில் ஒற்றுவது என்று தெரியாமல் குனிந்தபடியே இருந்தேன்.

“என்னப்பா தேடறீங்க?”

“ஒண்ணுமில்ல. வலிக்குதா?”

“கால் புடிச்சதா, நீங்க மிதிச்சதா?”

“மிதிச்சது.”

“இல்லப்பா,” என்றாள். என் தோளைப் பிடித்து நிமிர்த்தி உட்காரவைத்தாள். பிறகு தன் காலை என் காலுக்கடியிலிருந்து மெல்ல உருவிக்கொண்டு, பெஞ்சில் மடக்கிவைத்துத் தேய்க்க ஆரம்பித்தாள்.

மிதிப்பானில் என் கால் மட்டும் இருந்தது. எடுத்துவிடலாம் என்று நினைத்தேன். அஸ்மான் அதற்குள் கையை உயர்த்தி மலாயில் எண்ணத் தொடங்கியிருந்தான். சத்து, டுவா, தீகா. நான்கை அவன் சொல்வதற்கு முன்பே நான் மிதித்துவிட்டேன்.